சீட்டு வந்த பிறகு பத்து வினாடி: குறைந்த காசில் மேடைக்கு எந்த சாம்பிளர்?

மேலூர் பக்கம் நாலு பேர் சேர்ந்து குழு நடத்தும் ஒரு தம்பி கேட்டிருந்தார். கீபோர்டுக்கு ஒருவர், கிட்டாருக்கு ஒருவர், பாட ஒருவர், ரிதத்துக்கு அவர். திருவிழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று மாதத்துக்கு நாலைந்து கச்சேரி வருகிறதாம். உறுமிக்கும் பறைக்கும் தனித்தனியாக ஆள் போட்டால் கட்டுப்படி ஆகவில்லை, அதனால் 30 ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு சாம்பிளர், அதாவது நாம் பதிவு செய்த சத்தத்தை ஏற்றிவைத்துத் தட்டினால் அதை ஒலிக்கிற பெட்டி, வாங்க வேண்டும். ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 வாங்கலாமா, கோர்க் வோல்கா சாம்பிள் போதுமா, இல்லை குச்சியால் அடிக்கிற ரப்பர் பேடுதான் சரியா என்பது கேள்வி.

தம்பி, மாடல் பெயருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்குப் பிறகுதான் இந்தப் பெட்டிகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்றே எனக்குப் புரிந்தது.

உங்கள் மேலூர் பக்கத்து ஊர்தான். மந்தையில் மேடை, பங்குனிப் பொங்கல், இரவு பதினொரு மணி இருக்கும். நான் வைத்திருந்தது புதிதாக வாங்கிய ஒரு பெட்டி, பெயர் வேண்டாம். பதினெட்டுப் பாட்டுக்கும் வரிசையாகக் கிட் (எந்தப் பேடில் எந்தச் சத்தம் என்கிற தொகுப்பு) போட்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக அமுக்கிக்கொண்டே போகிற மாதிரி தயார் செய்திருந்தேன். வீட்டில் நாலு முறை ஒத்திகை பார்த்தபோது தேன் மாதிரி ஓடியது. ஆறாவது பாட்டு முடிந்ததும் ஊர்ப் பெரியவரான அம்பலம் வீட்டிலிருந்து ஒரு சீட்டு வந்தது, இன்ன பாட்டைப் பாடச் சொல்லி. அந்தப் பாட்டு என் வரிசையில் பதினாறாவது. நான் பட்டனை அமுக்கி அமுக்கி அங்கே போக வேண்டும், போகிற வழியில் ஒவ்வொரு கிட்டும் கார்டிலிருந்து ஏறுகிறது, திரையில் கோடு நகர்கிறது, பாடுகிற அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், கூட்டம் அவரைப் பார்க்கிறது. அரை நிமிடத்துக்கு மேல் மேடையில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் சாமி ஊர்வலத்துக்கு வந்து மேடை ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த நையாண்டி மேளத்துத் தவில்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோளில் தவிலை மாட்டி ஒரு தீர்மானம், அதாவது முத்தாய்ப்பு அடி, வைத்தார் பாருங்கள், விசில் பறந்தது. அவர் வாசித்து முடிக்கவும் என் கிட் ஏறி முடிக்கவும் சரியாக இருந்தது. அன்றைக்கு வாங்கிய சம்பளம் அவருடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நம் ஊர் மேடைக்கு சாம்பிளர் தேர்ந்தெடுக்கும்போது பாட்டு நடக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தைப் பாருங்கள். பாட்டு ஓடும்போது எந்தப் பெட்டியும் சத்தம் போடும். சீட்டு வந்த பத்து வினாடிக்குள் அந்தச் சத்தம் உங்கள் கைக்கு வருகிறதா என்பதில்தான் விலை மலிந்த பெட்டிக்கும் நல்ல பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அவர்கள் தங்கள் வரிசைப்படி நாற்பது நிமிடம் வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள், அவர்களுக்குச் சீட்டு வராது.

அடுத்தது, கையால் வாசிக்கப் போகிறீர்களா, குச்சியாலா? இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். இந்தப் பெட்டிகளில் இரண்டு வம்சம் உண்டு. ஒன்று விரலால் தட்டுவது, நாலுக்கு நாலு என்று பதினாறு சின்ன ரப்பர் கட்டங்கள். ரோஜர் லின் வடிவமைத்து அகாய் 1988-ல் கொண்டுவந்த எம்பிசி-60 போட்ட பாதை அது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ரிதம் கட்டுகிறவனுக்காகப் பிறந்தது. இன்னொன்று குச்சிக்கானது. ரோலண்ட் 1985-ல் விட்ட பேட்-8 என்கிற ஆக்டபேட் அதற்கு மூத்தது, அதற்குச் சொந்தச் சத்தம்கூடக் கிடையாது, எட்டு ரப்பரில் அடித்தால், எந்தச் சத்தம் போட வேண்டும் என்று சொல்லும் மிடி சிக்னலை வேறு கருவிக்கு அனுப்பும், அவ்வளவுதான். நம் மெல்லிசைக் குழுக்களில் எந்த கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் இன்றுவரை அதற்கு ஆக்டபேட் என்றே பெயர்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ரோலண்டின் எஸ்பிடி-20, எஸ்பிடி-30 இரண்டும் நம் பக்கம் மேடைக்கு மேடை பார்க்கிற பெட்டிகள்தான், உள்ளே நூற்றுக்கணக்கில் சத்தம் இருக்கும், உழைக்கும். ஆனால் நீங்கள் பதிவு செய்த உறுமியை அதற்குள் ஏற்ற முடியாது. அவை சாம்பிளர் அல்ல. பழைய பெட்டி ஒன்று மலிவாக வருகிறது, அதில் சாம்பிள் எல்லாம் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் பென் டிரைவில் உள்ள ஒரு வேவ் ஃபைலை உங்கள் கண் முன்னால் ஏற்றி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பேசலாம்.

நீங்கள் தவில், டோலக் எல்லாம் கையால் பழகியவரா, இல்லை டிரம்ஸ் குச்சி பிடித்தவரா என்று எழுதவில்லை. குச்சிக்காரர் என்றால் விரல் பேடு பக்கமே போகாதீர்கள். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு குத்துப்பாட்டுக்கு விரலால் தட்டினால் மூன்றாவது பாட்டில் நகக்கண் வலிக்கும், அதைவிட, தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்கு நீங்கள் ஏதோ போன் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும். சிரிக்க வேண்டாம், இதுவும் தொழில்தான். மந்தையில் கடைசி வரிசையில் நிற்பவனுக்கு அடி கண்ணில் பட வேண்டும்.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன்.

குச்சிக்கு, பழைய பெட்டியாக வாங்கலாம் என்றால், என் முதல் தேர்வு ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ். 2011-ல் வந்தது. ஆறு பெரிய ரப்பர், மேலே விளிம்பில் மூன்று, மொத்தம் ஒன்பது பேடு. உள்ளே 2 ஜிபி, ஸ்டீரியோவில் ஏறத்தாழ மூன்று மணி நேரச் சத்தம் பிடிக்கும், கிட் 100. ஏற்றிய சத்தம் எல்லாம் உள்ளேயே இருப்பதால் கிட் மாற்றினால் காத்திருக்க வேண்டியதில்லை. மெயின் அவுட் ஒரு ஜோடி, சப் அவுட் ஒரு ஜோடி தனியாக இருக்கிறது, க்ளிக்கை (வேகம் காட்டும் டிக் டிக் சத்தத்தை) உங்கள் ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பலாம். பின்னால் காலால் மிதிக்கிற ஸ்விட்சுக்கு இடம் இருக்கிறது, அதில் கிட் மாற்றலாம். 2022-ல் இதன் ப்ரோ மாடல் வந்துவிட்டது, அதனால் பழையதை விற்றுவிட்டு மாறுகிறவர்கள் அவ்வப்போது அகப்படுவார்கள். புதிது உங்கள் பட்ஜெட்டில் வராது, அதை மறந்துவிடுங்கள். பழையது ஒன்று 30 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டி வந்தால்கூட, இரண்டு கச்சேரி பொறுத்து அதையே வாங்குங்கள் என்பேன். இதற்கு முந்தைய எஸ்பிடி-எஸ் 2003 மாடல். அதில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, இப்போது அந்தக் கார்டைத் தேடி அலைய வேண்டும். அடிமாட்டு விலைக்கு, கார்டோடு வந்தால் மட்டும் பாருங்கள்.

யமஹா டிடிஎக்ஸ்-மல்டி 12 இன்னொரு நல்ல பழைய பெட்டி. பன்னிரண்டு பேடு, உள்ளே ஆயிரத்துக்கு மேல் சத்தம் தயாராக இருக்கும், உங்கள் சாம்பிளுக்கு 64 எம்பி இடம். 64 எம்பி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கணக்கு எளிது: சிடி தரத்தில் ஸ்டீரியோ சத்தம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, மோனோ என்றால் 5. உறுமியின் ஒரு இழுப்பு இரண்டு வினாடிகூட இருக்காது. தனித்தனி அடியாக மட்டும் ஏற்றினால் 64 எம்பியில் முந்நூறு அடி தாராளமாகப் போடலாம். பாடகர் குரல் இல்லாத முழுப்பாட்டு மைனஸ் டிராக்கை ஏற்ற ஆசைப்பட்டால்தான் இடம் பத்தாது.

புதிதாகத்தான் வேண்டும், வாரன்டி வேண்டும் என்றால் அலெசிஸ் சாம்பிள்பேட் ப்ரோ வகையறா. எட்டு பேடு, எஸ்டி கார்டில் உங்கள் சத்தம். விலைக்கு நியாயமான பெட்டி. ஆனால் கடையிலேயே நான் சொன்ன சோதனையைச் செய்யுங்கள்: உங்கள் சத்தங்களைக் கார்டில் போட்டுக்கொண்டு போய், கிட் மாற்றிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். கார்டிலிருந்து ஏறுகிற எந்தப் பெட்டிக்கும் இதைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். கம்பெனிச் சத்தம் உடனே வரும், நீங்கள் போட்டது வரத்தான் நேரம் எடுக்கும், கடைக்காரர் கம்பெனிச் சத்தத்தைத்தான் அடித்துக் காட்டுவார். அகாய் எம்பிஎக்ஸ்-8 என்று ஒரு சின்ன விரல் பெட்டி பழைய சந்தையில் மலிவாகச் சுற்றுகிறது, அதில் ஒரு கிட்டுக்கு 30 எம்பிதான் எல்லை. வீட்டில் பழக சரி.

விரல்காரர் என்றால் நீங்கள் கேட்ட எஸ்பி-404 எம்கே2 உண்மையிலேயே நல்ல பெட்டி. 2021-ல் வந்தது. ஒரு புராஜெக்டுக்குள் பத்து பேங்க் (சத்தத் தொகுதி), பேங்குக்குப் பதினாறு பேடு, ஆக 160 சத்தம். புராஜெக்ட் மாற்றினால்தான் காத்திருக்க வேண்டும், பேங்க் மாற்றினால் உடனே வரும். அதனால் ஒரு ராத்திரிக் கச்சேரி முழுவதையும் ஒரே புராஜெக்டில் அடக்கிவிட வேண்டும், அது முடியும். ஆறு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும், யூஎஸ்பி-சி வழியாகவும் கரன்ட் எடுக்கும். இதன் அருமை நம் ஊரில்தான் தெரியும், கீழே சொல்கிறேன். பின்னால் பெரிய ஜாக் இரண்டு. புதிது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். பழைய எஸ்பி-404எஸ்எக்ஸ் கிடைத்தால், பன்னிரண்டு பேடு, பத்து பேங்க், 120 சத்தம், எஸ்டி கார்டு, அதுவும் பேட்டரியில் ஓடும். எஃபெக்ட் போட்டுக் குழப்பாமல் அடிக்க மட்டும் வேண்டும் என்றால் இன்றைக்கும் குறையில்லை.

வோல்கா சாம்பிள் வேண்டாம். பெயரில் சாம்பிள் இருக்கிறதே தவிர, மைக் வைத்து அதற்குள் எதையும் பதிவு செய்ய முடியாது, வெளியிலிருந்து ஏற்றத்தான் வேண்டும். முதல் மாடலில் மொத்தமே 65 வினாடி, இரண்டாவது மாடலில் 130. அடிக்க ரப்பர் பேடு கிடையாது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ரிதம் கட்டி விளையாட அருமையான பொம்மை.

டீனேஜ் எஞ்சினியரிங் ஈபி-133 என்று 2023-ல் ஒன்று வந்தது, கால்குலேட்டர் மாதிரி இருக்கும், பார்த்தவுடன் ஆசை வரும், எனக்கும் வந்தது. நாலு டிரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும். ரிதம் கட்டுவதற்குச் சுகமானது. ஆனால் வெளியே சத்தம் போவது 3.5 மி.மீ சின்ன ஜாக்கில். வோல்காவும் அப்படித்தான். மேடையில் அந்தச் சின்ன ஜாக் ஒரு வியாதி. கால் தட்டினால் கழன்றுவிடும் என்பதை விடுங்கள், அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது.

ஒருமுறை திருமங்கலம் பக்கம் ஒரு வரவேற்பில் இப்படி ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். மைக் செட் தம்பி ஒரு பக்கம் சின்ன ஜாக், மறுபக்கம் ஸ்டீரியோ பெரிய ஜாக் உள்ள வயரை எடுத்து நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகிவிட்டார். ஹெட்போனில் எல்லாம் கேட்கிறது, ஸ்பீக்கரில் கிக்கும் இல்லை, உறுமியும் இல்லை, எங்கேயோ கிணற்றுக்குள் சலங்கை ஆடுகிற மாதிரி கொஞ்சம் மட்டும் வருகிறது. பெட்டி போச்சு என்று நினைத்து வியர்த்துவிட்டது. விஷயம் இதுதான்: மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட் அந்த ஜாக்கின் இரண்டு முனைகளில் வருவதில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும், அதன் வேலையே அதுதான். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சத்தம், அதாவது நடுவில் இருக்கும் கிக்கும் உறுமியும், கழிந்து பூஜ்ஜியம் ஆகிவிடும். சின்ன ஜாக் பெட்டி வைத்திருந்தால் இரண்டாகப் பிரிகிற ஒய் வயர் வாங்கி, தனித்தனி மோனோ ஜாக்காக இரண்டு சேனலில் கொடுக்க வேண்டும். இருநூறு ரூபாய் வயர், அன்றைக்கு அது என்னிடம் இல்லை.

மோனோ பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்த் திருவிழாவில் மைக் செட் பெரும்பாலும் மோனோதான். மந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு பாக்ஸ், கோயிலுக்குப் பின்னால் ஒரு பாக்ஸ், தெருமுனையில் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம். நீங்கள் ஸ்டீரியோவில் அழகாகப் பிரித்து வைத்தது எவனுக்கும் கேட்காது. எல்லா அடியையும் மோனோவாக மாற்றி ஏற்றுங்கள், இடமும் பாதியாகும், பெட்டியின் இடது ஜாக்கிலிருந்து ஒரே வயர் கொடுத்தால் போதும், பக்கத்தில் மோனோ என்று எழுதியிருந்தால் நிச்சயமாகப் போதும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ், அதாவது பெட்டியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி, வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் செட், ஜெனரேட்டர், இருபது மீட்டர் வயர் மூன்றும் சேர்ந்தால் ஒரு ரீங்காரம் வரும், அதைக் கட்டுப்படுத்த இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கரன்ட். சித்திரை, வைகாசியில் கச்சேரி நடுவில் கரன்ட் போகும், ஜெனரேட்டர் எடுக்கப் பத்து இருபது வினாடி ஆகும். கீபோர்டு, சாம்பிளர் எல்லாம் அணைந்து மறுபடி விழித்துக்கொள்ள வேண்டும். பேட்டரியில் ஓடுகிற பெட்டியை, அடாப்டர் இருந்தாலும், பேட்டரியோடு வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. பேட்டரி இல்லாத பெட்டி என்றால் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள், உங்கள் கீபோர்டுக்காரரும் அதிலேயே சொருகிக்கொள்வார், செலவில் பாதி கேளுங்கள். இன்னொன்று, ரோலண்ட் பெட்டிகளில் நான் சொன்ன எஸ்பிடி-எஸ்எக்ஸ், 404எஸ்எக்ஸ் இரண்டுக்கும் 9 வோல்ட் அடாப்டர், பின்னில் நடு முனை மைனஸ். தெருவில் கிடைக்கிற அடாப்டர் பல நேரம் நடு முனை பிளஸ். பின் பொருந்துகிறதே என்று சொருகாதீர்கள், அடியில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

இனி, சத்தம். உங்களுக்கு வேண்டியது உறுமியும் பறையும் என்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன். பெட்டிக்கு 30 ஆயிரம் கொடுத்துவிட்டு இணையத்தில் எவனோ போட்ட உறுமி சாம்பிளை இறக்கி அடித்தால் அது பிளாஸ்டிக் குடம் மாதிரிதான் கேட்கும். உசிலம்பட்டிப் பக்கமோ உங்கள் ஊரிலோ வாசிக்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு கச்சேரிச் சம்பளம் என்ன உண்டோ அதைக் கொடுத்து, எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று நேராகச் சொல்லி, ஒரு மதியம் பதிவு செய்யுங்கள். அவர் வேலையைத்தான் பெட்டிக்குள் போடப்போகிறீர்கள், சொல்லாமல் செய்வது சரியில்லை. நான் செய்தபோது தென்னந்தோப்பில் வைத்துச் செய்தோம், எதிரொலி கிடையாது, பம்ப்செட்டை மட்டும் நிறுத்தச் சொன்னோம்.

உறுமியில் ஒரு முகத்தில் அடி, மறுமுகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்புதான் உறுமல். அதை ஒரே நீளத்தில் எடுத்தால் மேடையில் பிழைக்க முடியாது. குட்டையாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, நீளமாக மேலே ஏறுவது ஒன்று, நீளமாக இறங்குவது ஒன்று என்று குறைந்தது நாலு வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு தடவை எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். பெட்டியில் ஏற்றும்போது இந்த நாலையும் ஒரே மியூட் குரூப்பில் போட வேண்டும். அப்போதுதான் இரண்டாவது உறுமல் தொடங்கிய கணத்தில் முதலாவது வெட்டுப்படும். நிஜ உறுமியில் ஒரே நேரத்தில் இரண்டு உறுமல் வராது இல்லையா? மியூட் குரூப் இல்லாமல் அடித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மிக்சி ஓடுகிற மாதிரி இருக்கும். எஸ்பிடி-எஸ்எக்ஸ், 404 எம்கே2 இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. வேறு எதை வாங்கினாலும் இது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பறைக்கு வேறு சங்கதி. தீயில் காய்ச்சியதும் எடுக்க வேண்டும். காய்ச்சிய முதல் சில நிமிடங்களில் தோல் விறைப்பாக, சத்தம் கணீரென்று இருக்கும், ஆறினால் இறங்கிவிடும். நாங்கள் முதலில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்ததில் தொடக்க அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவில் பறை கீழே போயிருந்தது, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பேடில் போட்டால் இரண்டு வேறு பறை மாதிரி கேட்டது. அப்புறம் வைக்கோலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஐந்தாறு அடிக்கு ஒருமுறை காய்ச்சிக் காய்ச்சி எடுத்தோம். மெதுவாக அடித்தது, ஓங்கி அடித்தது இரண்டையும் எடுங்கள். ஒரே பேடில் மெதுவாகத் தட்டினால் ஒன்று, ஓங்கினால் மற்றது என்று வைக்க முடிகிற பெட்டியில் உயிர் வரும்.

எடுத்த பிறகு வெட்டுகிற வேலை. அடிக்கு முன்னால் உள்ள வெற்று இடத்தை ஒட்ட வெட்ட வேண்டும். முப்பது மில்லி வினாடி வெற்றிடம் காதால் கேட்டால் தெரியாது, வாசிக்கும்போது தாளம் எப்போதும் ஒரு மயிரிழை பின்னால் வருகிற மாதிரி, என்னமோ இடிக்கிற மாதிரி இருக்கும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஃபைலை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆக, சின்னப் பெயராக வைத்துவிடுங்கள், எந்தப் பெட்டியும் முரண்டு பிடிக்காது.

தபலா, மிருதங்கம் மாதிரி சுருதி சேர்க்கிற வாத்தியத்தை ஏற்றினால் ஒரு வம்பு உண்டு. நீங்கள் பதிவு செய்தது ஒன்றரைக் கட்டை, அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பாடுகிறவர் ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டார் என்றால் வலந்தலை, அதாவது வலது முகத்தின் நாதம் பாட்டோடு சண்டை போடும். பெட்டியில் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அரைக் கட்டை, ஒரு கட்டை வரை தாங்கும், அதற்கு மேல் போனால் தபலா பொம்மைக்குரல் பேசும். உறுமிக்கும் பறைக்கும் இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

கிட் அடுக்குவது பற்றி, அந்த மந்தை ராத்திரிக்குப் பிறகு நான் செய்தது: பாட்டுக்கு ஒரு கிட் என்பதையே விட்டுவிட்டேன். இப்போது என்னிடம் மொத்தம் பன்னிரண்டு கிட்தான். குத்துக்கு இரண்டு, கிராமியத்துக்கு இரண்டு, மெலடிக்கு இரண்டு, பக்திக்கு ஒன்று, பழைய பாட்டுக்கு இரண்டு, இப்படி. எந்தச் சீட்டு வந்தாலும் இதில் ஒன்றில் அடங்கும், நூற்றில் தொண்ணூறு பாட்டு அடங்கிவிடும். எல்லாக் கிட்டிலும் இடம் மாறாது: கீழே வலது எப்போதும் கனமான அடி, கீழே இடது எப்போதும் உறுமலோ அதற்கு இணையான இழுப்போ, மேல் விளிம்பு மூன்றும் எப்போதும் ஜால்ரா, சலங்கை, கைதட்டல். இருட்டில், புகை போட்டால்கூட, கை தானாகப் போகும். நூறு கிட் இருக்கிறதே என்று நூறையும் நிரப்பாதீர்கள், நிரப்பினால் தேடத்தான் வேண்டும்.

லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ரிதத் துண்டு) வேண்டாம், தனி அடியாகவே வாசியுங்கள் என்பது என் கட்சி. நாலு பேர் குழுவில் க்ளிக் கேட்டுப் பாடுகிற பாடகர் கிடைப்பது அரிது, சாமி வந்து ஆடுகிற கூட்டத்தைப் பார்த்தால் அவர் வேகம் எடுப்பார், லூப் எடுக்காது. நம் ஊரில் வேகம் எடுக்கிறவர் பக்கம்தான் ஜனம் நிற்கும்.

30 ஆயிரத்தையும் பெட்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஸ்டாண்டு, நல்ல வயர் இரண்டு, டிஐ, கால் ஸ்விட்ச், பை, இதற்கு ஐந்தாயிரமாவது ஒதுக்குங்கள். அதாவது பெட்டிக்கு 25. இந்தக் காசில் இன்றைக்கே வேண்டும் என்றால் குச்சிக்காரருக்கு எட்டு பேடு அலெசிஸ், விரல்காரருக்குப் பழைய 404எஸ்எக்ஸ். சித்திரைக்குப் பிறகு கையில் காசு சேரும், அதுவரை பொறுக்க முடியும் என்றால் பழைய எஸ்பிடி-எஸ்எக்ஸ் அல்லது 404 எம்கே2. பொறுக்கிற காலத்தில் சும்மா இருக்க வேண்டாம், போனில் கோலா சாம்பிளர் என்று ஒரு ஆப் இருக்கிறது, விலை ரொம்பக் குறைவு, உறுமியையும் பறையையும் பதிவு செய்து அதில் போட்டு, எந்தச் சத்தம் எந்தக் கட்டத்தில் இருந்தால் கை வருகிறது என்று ஒரு மாதம் பழகுங்கள். அதையே மேடைக்குக் கொண்டுபோகலாமா என்றால், ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் அடிக்கும் சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், ஐபேட் என்றால் சமாளிக்கலாம், ஏரோபிளேன் மோடில் போட மறந்தால் உங்கள் மாமா போன் செய்வது மந்தை முழுக்கக் கேட்கும்.

பழையதை வாங்கப் போகும்போது ஹெட்போனை எடுத்துப் போங்கள், விற்பவர் வீட்டு ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பேடையும் ஓரத்தில், நடுவில், மெதுவாக, ஓங்கி என்று நாலு விதமாக அடியுங்கள். ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வந்தாலோ, பக்கத்துப் பேடு சேர்ந்து பேசினாலோ முதலில் அமைப்பில் சென்சிடிவிட்டியைக் குறைத்துப் பாருங்கள், அப்படியும் போகவில்லை என்றால் உள்ளே சென்சார் கிழடு தட்டியிருக்கிறது. ஜாக்கைச் சொருகி ஆட்டுங்கள். அணைத்துவிட்டுப் போட்டு, எத்தனை வினாடியில் தயாராகிறது என்று எண்ணுங்கள். ஃபேடர், திருகு எல்லாவற்றையும் திருப்பி, கரகரவென்று வருகிறதா கேளுங்கள், திருவிழாப் புழுதி தின்ற பெட்டி என்றால் அங்கே தெரிந்துவிடும். கடைசியாக, கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள், உங்கள் பாடகரே போதும். அவரைத் திடீரென்று ஒரு பாட்டின் பெயரைச் சொல்லச் சொல்லிவிட்டு, பத்து வினாடிக்குள் அதற்கான கிட்டுக்கு நீங்கள் போக முடிகிறதா என்று விற்பவர் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிடுங்கள்.